அழியப்போகும் அணுவும் கைகோக்கும்



கல்லூரியில் கதிரியக்கம் பற்றிய பாடத்தை நடத்தி முடித்த ஒரு நாள், பின் வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "சார், கதிரியக்க அணு சிதைந்துகொண்டே இருக்கிறது என்கிறீர்கள். சிதைந்துகொண்டிருக்கும் ஒன்று எப்படி இன்னொரு அணுவோடு சேர்ந்து சேர்மம் ஆகும்? இடிந்து விழுகிற சுவரில் யாராவது ஆணி அடிப்பார்களா?" என்று கேட்டார்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி சிரித்து ஒதுக்கக்கூடியது அன்று. அதற்குச் சரியான விடை தெரிந்தால் அணுவைப் பற்றிய ஒரு பெரிய உண்மை விளங்கிவிடும். உலகெங்கும் மருத்துவமனைகளில் நாள்தோறும் நடைபெறும் ஒரு பரிசோதனையின் அடிப்படையும் அந்த விடைதான். டெக்னீஷியம் என்னும் உலோகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதைக் காண்போம்.

காலியாக இருந்த இடம்

ஆவர்த்தன அட்டவணையில் மாங்கனீசுக்கு நேர் கீழே உள்ள இடம் 43. ஒரு பக்கம் மாலிப்டினம் (42), மறுபக்கம் ருத்தீனியம் (44). மெண்டலீவ் 1871-ல் தம் அட்டவணையில் இவ்விடத்தைக் காலியாக விட்டு, 'ஏகா-மாங்கனீஸ்' என்னும் தனிமம் இங்கே வந்து சேரும் என்று எழுதி வைத்தார். பலர் தேடினர். கண்டுபிடித்துவிட்டோம் என்று சிலர் அறிவிக்கவும் செய்தனர். எந்த அறிவிப்பும் நிலைக்கவில்லை.

காரணம் எளிது. இத்தனிமத்தின் ஐசோடோப்புகளில் ஒன்றுகூட நிலையானது அன்று. நீண்ட காலம் வாழும் ஐசோடோப்பின் அரை ஆயுளே சுமார் 42 லட்சம் ஆண்டுகள்தாம். பூமியின் வயதோ ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். பூமி தோன்றியபோது இருந்த டெக்னீஷியம் என்றோ தீர்ந்துவிட்டது. யுரேனியத் தாதுவில் மட்டும் அணுப்பிளவால் மிக மிகச் சிறிதளவு புதிதாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

1937-ல் இத்தாலியில் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் கார்லோ பெரியர், எமிலியோ செக்ரே என்ற இருவர் இதைக் கண்டறிந்தனர். அமெரிக்காவில் பெர்க்லியில் இருந்த சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கி இயந்திரத்தில் பயன்பட்டுக் கழித்துப் போட்ட ஒரு மாலிப்டினத் தகட்டை, அதை அமைத்த லாரன்ஸ் அவர்களுக்கு அனுப்பியிருந்தார். இயந்திரத்தின் துகள்கள் தாக்கியதால் அத்தகட்டில் சில மாலிப்டினம் அணுக்கள் 43-ஆம் தனிமமாக மாறியிருந்தன. அதன் அளவு ஒரு கிராமில் சுமார் 1,000 கோடியில் ஒரு பங்கு! எந்தத் தராசும் அதை நிறுக்காது, எந்தக் கண்ணும் அதைக் காணாது. ஆனால் கதிரியக்கம் அதைக் காட்டிக்கொடுத்தது. கரைசலைப் பிரித்த ஒவ்வொரு முறையும், கதிர்வீச்சு எந்தப் பாத்திரத்திற்குப் போகிறது என்று அளந்து, புதிய தனிமம் எந்தச் சேர்மத்தோடு போகிறது என்று அறிந்தனர். அது மாங்கனீசைவிட, 75-ஆம் தனிமமான ரீனியத்தையே மிகுதியாக ஒத்திருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கண்ணால் காண்பதற்கு முன்பே, ஒரு தனிமத்தின் வேதியியலைப் படித்துவிட்டார்கள். சிதைகின்ற அணுக்கள் தம் வேதிப் பண்புகளை ஒழுங்காகவே காட்டியிருக்கின்றன என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா? 1947-ல் இதற்கு 'டெக்னீஷியம்' என்ற பெயர் சூட்டப்பட்டது. 'செயற்கையானது' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம்.

அணுவை ஒரே வீட்டில் உள்ள இரண்டு குடித்தனங்களாக எண்ணிக்கொள்ளுங்கள். உள் அறையில் அணுக்கரு இருக்கிறது. வெளியே எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. கதிரியக்கம் உள் அறை விவகாரம். பிணைப்பு என்பது திண்ணை விவகாரம். வெளி எலெக்ட்ரான்களே அண்டை அணுக்களோடு கொடுக்கல் வாங்கல் செய்கின்றன. அணுவின் விட்டத்தைவிட அணுக்கருவின் விட்டம் பத்தாயிரம் மடங்குக்கு மேல் சிறியது. பிணைப்பு எலெக்ட்ரான்களைப் பொறுத்தவரை அணுக்கரு என்பது 43 நேர்மின்னூட்டம் உள்ள ஒரு புள்ளி, அவ்வளவே. அது நிலையானதா, நிலையற்றதா என்று அவை விசாரிப்பதில்லை.

ஆற்றல் கணக்கும் அப்படியே. ஒரு வேதிப் பிணைப்பை முறிக்கச் சில எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். அணுக்கருவின் மாற்றங்களிலோ வழக்கமாக ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் எலெக்ட்ரான் வோல்ட் புழங்குகிறது. ஆகவே கதிரியக்கப் பொருளை அமிலத்தில் கரைத்தாலும், அடுப்பில் வைத்துக் காய்ச்சினாலும் அதன் அரை ஆயுள் மாறுவதில்லை.

அடுத்தது, இன்னும் முக்கியமானது. அணு 'சிதைந்துகொண்டிருக்கிறது' என்று நாம் பேசுவது பேச்சு வழக்கு. இடியும் சுவரைப்போல் அது சிறிது சிறிதாக உதிர்வதில்லை. ஒரு கதிரியக்க அணு, சிதையும் அந்த நொடி வரை முழு அணுவாகவே இருக்கிறது. அதற்கு முதுமை என்பதே இல்லை. ஆறு மணி நேரம் பிழைத்திருந்த அணுவும், இப்போதுதான் பிறந்த அணுவும் ஒன்றே. அரை ஆயுள் என்பது கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு. தனி அணுவின் உடல்நிலைக் குறிப்பு அன்று.

பிணைப்புக்கு வேண்டிய காலம் எவ்வளவு தெரியுமா? டெக்னீஷியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையேயுள்ள பிணைப்பு ஒரு வினாடியில் 10 லட்சம் கோடி தடவைக்கு மேல் அதிர்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஆறு மணி நேரம் என்பது பல யுகங்கள். சேர்மமாவதற்கு நேரம் தாராளமாக உள்ளது.

ஏழு எலெக்ட்ரான்களின் கொடுக்கல் வாங்கல்

டெக்னீஷியத்தின் வெளிப்புறத்தில், 4டி துணைக்கூட்டில் ஐந்தும் 5எஸ் துணைக்கூட்டில் இரண்டுமாக ஏழு எலெக்ட்ரான்கள் உள்ளன. இவற்றில் எத்தனையை வேண்டுமானாலும் பிணைப்பில் ஈடுபடுத்தலாம். இடைநிலைத் தனிமங்களின் குணமே இதுதான். ஆகவே டெக்னீஷியத்தின் ஆக்சிஜனேற்ற நிலை +7 வரை பலவாக அமைகிறது. அவற்றுள் +7, +4 இரண்டும் மிகச் சாதாரணமாகக் காணப்படுபவை.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் மாங்கனீசு +7 நிலையில், நான்கு ஆக்சிஜன்களின் நடுவே இருக்கிறது. மாங்கனீசின் இடத்தில் டெக்னீஷியத்தை வைத்தால் பெர்டெக்னிடேட் அயனி கிடைக்கிறது. அதே நான்முகி வடிவம், அதே ஒற்றை எதிர்மின்னூட்டம். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு.

முதலாவது நிறம். பெர்டெக்னிடேட் நிறமற்றது. பெர்மாங்கனேட்டில் ஆக்சிஜனின் எலெக்ட்ரான் உலோகத்தின் காலி இடத்துக்குத் தாவக் கட்புலனாகும் ஒளியே போதும். பெர்டெக்னிடேட்டில் அந்தத் தாவலுக்குப் புற ஊதா ஒளி வேண்டும். ஆகவே நம் கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை.

இரண்டாவது வலிமை. பெர்மாங்கனேட் வலிய ஆக்சிஜனேற்றி. அது மாங்கனீசு டை ஆக்சைடாக மாறும்போது திட்ட மின்னழுத்தம் 1.69 வோல்ட். பெர்டெக்னிடேட் டெக்னீஷியம் டை ஆக்சைடாக மாறும்போதோ ஏறத்தாழ 0.74 வோல்ட்தான். அதாவது, டெக்னீஷியம் தன் +7 நிலையில் நிம்மதியாக இருக்கிறது. பிடுங்கிக் கொடுத்தாலன்றி எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளாது. இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள். பின்னால் இரண்டு இடங்களில் வேலைக்கு வரும்.

ஆக்சைடுகளிலும் இதே கதைதான். மாங்கனீசு ஹெப்டாக்சைடு வெடிக்கும் இயல்புள்ள பச்சை நிற எண்ணெய். டெக்னீஷியத்தை ஆக்சிஜனில் எரித்தால் கிடைக்கும் ஹெப்டாக்சைடோ சுமார் 120 டிகிரி செல்சியசில் உருகும் வெளிர் மஞ்சள் திண்மம். அதை நீரில் கரைத்தால் பெர்டெக்னிக் அமிலம் கிடைக்கும். கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால் கரும்பழுப்பு ஹெப்டாசல்பைடு வீழ்படியும். ஃபுளூரினோடு சேர்ந்தால் ஹெக்சாஃபுளூரைடும், குளோரினோடு சேர்ந்தால் டெட்ராகுளோரைடும் உண்டாகின்றன.

இவற்றை எல்லாம் வேதியியலார் எப்படி எடைபோட்டு ஆராய்ந்தனர் என்று கேட்பீர்கள். இதற்குப் பயன்படுவது டெக்னீஷியம்-99. அணு உலைகளில் யுரேனியம் பிளவுறும்போது இது கணிசமாக உண்டாகிறது. இதன் அரை ஆயுள் சுமார் 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டுகள். ஒருவர் 70 ஆண்டுகள் வாழ்ந்தால், அதற்குள் பத்தாயிரம் அணுக்களில் இரண்டோ மூன்றோதான் சிதைந்திருக்கும். அதன் பீட்டாத் துகள்கள் கண்ணாடிக் குடுவையின் சுவரைத் தாண்டா. ஆகவே உரிய பாதுகாப்போடு மற்ற உலோகங்களைப் போலவே இதையும் கையாளலாம்.

மாலிப்டினப் பசு

மருத்துவர்களுக்கு வேண்டியது இந்த நெடுவாழ்வு ஐசோடோப்பு அன்று; அதன் கிளர்வுற்ற வடிவமான டெக்னீஷியம்-99எம். இதன் அரை ஆயுள் ஆறு மணி நேரம். இது 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை வெளியிட்டுச் சாதாரண டெக்னீஷியம்-99 ஆகிறது. அக்கதிர் உடலைக் கடந்து வெளியே வந்து படம்பிடிக்கும் கருவியை எட்டும். 1938-ல் செக்ரேயும் சீபோர்கும் இதைக் கண்டறிந்தனர்.

ஆறு மணி நேரத்தில் பாதி போய்விடும் பொருளைக் கடையில் வாங்கி அலமாரியில் வைக்க முடியுமா? முடியாது. அதனால் அதன் தாயை வாங்கி வைக்கிறார்கள். தாய் மாலிப்டினம்-99, அரை ஆயுள் 66 மணி நேரம். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 1950-களின் இறுதியில் உருவான இந்த ஏற்பாட்டில்தான் வேதியியல் தன் முழு அழகைக் காட்டுகிறது.

மாலிப்டினம் இங்கே மாலிப்டேட் அயனியாக உள்ளது. நடுவில் +6 நிலையில் மாலிப்டினம், சுற்றிலும் நான்கு ஆக்சிஜன், மொத்த மின்னூட்டம் எதிர் இரண்டு. மாலிப்டினத்தின் அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. ஒரு பீட்டாத் துகள் வெளியே பறக்கிறது. அணு எண் 42 போய் 43 ஆகிறது. நான்கு ஆக்சிஜன்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சுற்றியுள்ள எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையும் மாறவில்லை. நடுவில் ஒரு நேர்மின்னூட்டம் கூடியதால், எதிர் இரண்டாக இருந்த மின்னூட்டம் எதிர் ஒன்றாகிறது. மாலிப்டேட் பெர்டெக்னிடேட் ஆகிவிட்டது! யாரும் எதையும் கலக்கவில்லை, காய்ச்சவில்லை. அணுக்கரு மாறியது, சேர்மம் தானே மாறியது.

இனிப் பிரிப்பது எளிது. அலுமினாத் தூள் அடைத்த சிறு குழாயில் மாலிப்டேட் ஏற்றப்பட்டிருக்கிறது. அலுமினா மாலிப்டேட்டை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஒற்றை மின்னூட்டமுள்ள பெர்டெக்னிடேட்டை அப்படிப் பற்றுவதில்லை. குழாயின் வழியே 0.9 சதவீத உப்புக் கரைசலைச் செலுத்தினால், குளோரைடு அயனிகள் இடம் பிடித்துக்கொள்ள, பெர்டெக்னிடேட் கரைந்து இறங்கிவிடும். தாய் குழாயிலேயே நிற்கும். ஏறத்தாழ ஒரு நாளில் மீண்டும் டெக்னீஷியம் ஊறியிருக்கும். காலைதோறும் கறந்துகொள்ளலாம். ஆய்வகத்தார் இதைப் 'பசு' என்று செல்லமாக அழைப்பது பொருத்தந்தானே!

ஆனால் இந்தப் பசுவும் ஒரு வாரம் போலத்தான் கறக்கும். புதிய மாலிப்டினம் அணு உலையிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். 2009-2010-ல் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதால் ஓராண்டுக்கு மேல் நிறுத்தப்பட்டபோது, பல நாடுகளில் நோயாளிகளின் பரிசோதனைகள் தள்ளிப்போயின. இது சேமித்து வைக்க முடியாத சரக்கு.

உடலுக்குள் முகவரி

பெர்டெக்னிடேட்டை அப்படியே இரத்தத்தில் செலுத்தினால் தைராய்டு சுரப்பி அதை இழுத்துக்கொள்கிறது. அளவிலும் மின்னூட்டத்திலும் அது அயோடைடு அயனியை ஒத்திருப்பதே காரணம். சுரப்பி ஏமாறுகிறது! ஆனால் அயோடினைப்போல் அதை ஹார்மோனில் சேர்க்கச் சுரப்பியால் முடியாது.

வேறு உறுப்புகளுக்கு அனுப்ப வேண்டுமானால் முகவரியை மாற்ற வேண்டும். முகவரி என்பது சேர்மமே. +7 நிலையில் நிம்மதியாக இருக்கும் டெக்னீஷியம் மற்ற மூலக்கூறுகளோடு எளிதில் சேராது. ஆகவே முதலில் ஸ்டான்னஸ் குளோரைடு என்னும் வெள்ளீய உப்பைக் கொண்டு அதற்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து ஒடுக்குகிறார்கள். இப்போது அது பிணைப்புக்குத் தயார்.

பாஸ்பனேட் மூலக்கூறுகளோடு சேர்த்தால் அந்தச் சேர்மம் எலும்பின் கால்சிய உப்பில் போய் ஒட்டுகிறது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று இதனால் அறியலாம். +1 நிலைக்குக் கொண்டுவந்து, ஐசோநைட்ரைல் மூலக்கூறுகள் ஆறினால் சூழ்ந்தால், கொழுப்பில் கரையும் நேர்மின் அயனி ஒன்று உருவாகிறது. அது இரத்தம் ஓடும் இதயத் தசையில் தங்குகிறது. இரத்தம் எட்டாத பகுதி படத்தில் வெறுமையாகத் தெரிகிறது. +5 நிலையில் ஆக்சிஜனோடு பிணைந்த, மின்னூட்டமற்ற ஒரு சேர்மம் மூளைக்குள் நுழைகிறது. கதிர் வீசுவது ஒரே அணுக்கரு. எங்கே போவது என்று தீர்மானிப்பது வெளி எலெக்ட்ரான்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். எலும்புப் பரிசோதனை ஒன்றுக்கு வினாடிக்கு 74 கோடி சிதைவுகள் தரும் அளவு செலுத்தப்படுகிறது என்று கொள்வோம். ஆறு மணி நேரம் 21,600 வினாடிகள். அதை 0.693-ஆல் வகுத்து, 74 கோடியால் பெருக்கினால் சுமார் 23 லட்சம் கோடி அணுக்கள். 99 கிராமில் உள்ள அணுக்கள் அவகாட்ரோ எண் அளவு என்பது உங்களுக்குத் தெரியும். கணக்கிட்டால், செலுத்திய டெக்னீஷியம்-99எம் ஒரு கிராமில் 100 கோடியில் நான்கு பங்குதான்! அத்தனையும் டெக்னீஷியம்-99 ஆகி உடலிலேயே தங்கிவிட்டாலும், அதிலிருந்து வரும் சிதைவு வினாடிக்கு இரண்டு, மூன்றுக்கு மேல் இராது. ஆயுள் நீண்டால் கதிர்வீச்சு குறையும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

விதிக்கு ஒரு மயிரிழை விலக்கு

திண்ணையில் நடப்பது உள் அறைக்குத் தெரியாது என்று சொன்னேன். இது கிட்டத்தட்ட முழு உண்மை. 1951-ல் பெயின்பிரிட்ஜ், கோல்டுஹேபர், வில்சன் மூவரும் டெக்னீஷியம்-99எம் கொண்டே ஒரு நுட்பமான அளவீடு செய்தனர். பொட்டாசியம் பெர்டெக்னிடேட்டில் உள்ள அணுக்கள், ஹெப்டாசல்பைடில் உள்ளவற்றைவிட 0.27 சதவீதம் விரைவாகச் சிதைந்தன!

ஏன்? இந்த அணுக்கரு காமாக் கதிரை வெளியிடும் முன், பெரும்பாலும் சுமார் 2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவே உள்ள ஒரு சிறு படியில் இறங்குகிறது. அந்தச் சிற்றாற்றலை அது அணுவின் எலெக்ட்ரான் ஒன்றிடமே கொடுக்கிறது. அப்படி வாங்கிக்கொள்ளும் எலெக்ட்ரான்கள் அணுக்கருவின் அருகே எந்த அளவு நடமாடுகின்றன என்பது சேர்மத்துக்குச் சேர்மம் சிறிது மாறும். அரை ஆயுளில் ஏற்படும் வேறுபாடு ஒரு நிமிடம்கூட இல்லை. மருத்துவருக்கு அது பொருட்டே அன்று. ஆனால் அறிவியலில் ஒரு விதி எங்கே சிறிது வளைகிறது என்று அளந்தவர்களே அந்த விதியை உண்மையில் அறிந்தவர்கள்.

நீரோடு போகும் கழிவு

பெர்டெக்னிடேட்டின் குணம் மருத்துவத்தில் நன்மை; அணுக்கழிவில் தொல்லை. அது நீரில் எளிதில் கரைகிறது. மண்ணும் களிமண்ணும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை; எதிரயனியை அவை பிடித்து நிறுத்துவதில்லை. இங்கிலாந்தின் செல்லாபீல்டு அணு எரிபொருள் ஆலையிலிருந்து 1994-க்குப் பின் கடலில் கலந்த டெக்னீஷியம்-99, ஐரிஷ் கடலின் சிங்கிறால்களில் சேர்ந்தது. நீரோட்டத்தோடு நார்வேக் கரை வரையிலும் போனது.

தீர்வும் வேதியியலிலிருந்தே வந்தது. டெட்ராபினைல் பாஸ்போனியம் என்னும் பெரிய நேரயனி பெர்டெக்னிடேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகிறது. 2004 முதல் அங்கே இம்முறையால் அதை வீழ்படிவாக்கிப் பிரித்தனர். +7 நிலையிலிருந்து +4 நிலைக்கு ஒடுக்கினால் கிடைக்கும் டை ஆக்சைடும் நீரில் கரையாது. இரண்டு லட்சம் ஆண்டு ஆயுளை நம்மால் குறைக்க முடியாது. அது உள் அறையின் பிடிவாதம். ஆனால் அது ஓடுமா, ஒரே இடத்தில் உட்காருமா என்பதைச் சேர்மத்தால் தீர்மானிக்கலாம்.

அந்த மாணவருக்கு நான் சொன்ன விடையும் இதுதான்: "தம்பி, அது இடிந்து விழுகிற சுவர் இல்லை. ஒரு நொடியில் மறையப்போகிற, ஆனால் அந்த நொடி வரை கீறல் விழாத சுவர். தாராளமாக ஆணி அடிக்கலாம்."

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. காலை 6 மணிக்குக் கறந்த டெக்னீஷியம்-99எம்-இல், மறுநாள் காலை 6 மணிக்கு எத்தனையில் ஒரு பங்கு மிஞ்சும்?

2. டெக்னீஷியம்-99 ஒரு பீட்டாத் துகளை வெளியிட்டு நிலையான ஓர் அணுவாகிறது. அது எந்தத் தனிமம்? பெர்டெக்னிடேட் அயனியின் நடுவில் இம்மாற்றம் நிகழ்ந்து, நான்கு ஆக்சிஜன்களும் இருந்த இடத்திலேயே இருந்தால், உண்டாகும் மூலக்கூற்றின் மின்னூட்டம் என்ன? மாலிப்டேட்டுக்கு நிகழ்ந்ததை ஒருமுறை திரும்பப் பாருங்கள். விடை தானே வரும்.